அடுத்த டீம் கை வைக்கலாமா?

சிறுசேரி சிப்காட் முதல் செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டி வரை, ஐ.டி. வளாகங்களில் பழகிப்போன காட்சி இது. ஒரு டீம் தன் தேவைக்காக ரிப்போர்ட் எடுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதும். அது நன்றாக ஓடும். "கம்பெனி முழுக்கத் திறந்துவிடுவோம், எல்லாரும் சேர்ந்து வளர்க்கட்டும்" என்பார் மேனேஜர்.

ஓப்பன் சோர்ஸ் பழக்கங்களைக் கம்பெனிச் சுவருக்குள் கொண்டுவரும் இந்த முறைக்கு 'இன்னர் சோர்ஸ்' என்று 2000இல் பெயர் வைத்தவர் டிம் ஓ'ரெய்லி. ஜெர்மனியின் பாஷ் 2009இல் இதில் இறங்கியது. பேபாலில் இருந்த டேனிஸ் கூப்பர், 2015இல் இதற்கென்றே 'இன்னர்சோர்ஸ் காமன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்.

திறப்பதற்கு முன் பலரும் கேட்பது, "வேலை முடிஞ்சுதா?" தப்பான கேள்வி. மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களைப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்து, பாதியில் நின்றவை. அடுத்த உளி எங்கே விழவேண்டும் என்பது இன்றைக்கும் தெரிகிறது. மென்பொருளிலும் பார்க்கவேண்டியது அதைத்தான்.

சோதிப்பது சுலபம். வேறு டீமிலிருந்து ஒருவரை அழைத்து, ரீட்மீ கோப்பை மட்டும் கொடுங்கள். யாரையும் கேட்காமல் தன் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டட்டும். சீக்கிரமே சிக்கிக்கொள்வார். டேட்டாபேஸ் முகவரி யாரோ ஒருவரின் மெஷினைக் காட்டும். டெஸ்ட் என்று எதுவும் இருக்காது. "இதுக்கு சீனியரைக் கேளுங்க" என்பார்கள், சீனியர் லீவில் இருப்பார்.

அதைத் தாண்டினாலும், வெளி டீம் அனுப்பும் திருத்தத்தை யார் பார்ப்பது? பார்க்க ஆளில்லாமல் மூன்று வாரம் கிடந்தால், அனுப்பியவர் தனக்கென ஒரு நகலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சேர்த்த பிறகு பிழை வந்தால்? இதற்கு '30 நாள் வாரண்டி' என்றொரு வழக்கம் உண்டு: அதுவரை எழுதிக்கொடுத்த டீமே சரிசெய்து தரவேண்டும். இரு தரப்புக்கும் பயம் குறைய நல்ல ஏற்பாடு.

நம் ஊர் சர்வீஸ் கம்பெனிகளில் முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. கிளையன்ட்டுக்காக எழுதியது பெரும்பாலும் கிளையன்ட்டின் சொத்து; ஒப்பந்தத்தைப் படிக்காமல் பக்கத்து டீமுக்குக்கூடக் காட்டமுடியாது. இன்னொன்று டைம்ஷீட். அடுத்த டீமின் பிழையைத் திருத்திய இரண்டு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? 'பில்லபிள்' இல்லாத நேரம் அப்ரைசலில் உதைக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு டைம்ஷீட்டில் இடம் ஒதுக்காத மேனேஜர், திறப்பு விழா மெயிலை அனுப்பாமல் இருப்பதே மேல்.