அடிக்குழிக் காவலும் பாலிசியும்

இங்கிலாந்தின் தென்கரையில், வைட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் சோலன்ட் ஜலசந்தியின் துறைகளில் கட்டப்பட்டிருக்கும் உல்லாசப் படகுகளில் பல, கோடைகாலம் கழிந்ததும் ஆளரவமின்றி மாதக்கணக்கில் அப்படியே கிடப்பவை; அவற்றின் சொந்தக்காரர்களோ தொலைவிலுள்ள நகரங்களில் தத்தம் உத்தியோகத்தைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள். ஆகவே, படகின் அடிக்குழியில் தண்ணீர் ஏறுகிறதா, பாட்டரி இறங்கிவிட்டதா, கட்டிய இடத்தைவிட்டுப் படகு நகர்ந்துவிட்டதா என்று இடையறாது கண்காணித்து, விபரீதம் எதுவும் நேர்ந்தால் உடையவரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் மின்னணுக் கருவிகளை அவர்கள் பொருத்திக்கொள்கிறார்கள். அக்கருவி கெட்டுப்போனால் இன்ஷூரன்ஸ் பணம் வருமா என்று கேட்பது இயல்பு. ஆனால், அக்கருவியை வைத்திருக்கும் ஒரே காரணத்தால் படகின் மற்ற நஷ்டங்களுக்குரிய பணத்துக்கே பங்கம் வரக்கூடுமா என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

முதற் கேள்விக்கு விடை தேட, லண்டன் காப்பீட்டுச் சந்தையில் 1985 நவம்பர் 1 என்ற தேதியுடன் வெளியான இன்ஸ்டிட்யூட் யாட் ஷரத்துகளைப் புரட்டிப் பார்க்கலாம். இன்று கம்பெனிகள் பலவும் தத்தமக்கென வாசகம் எழுதிக்கொண்டாலும், சிந்தனையின் அஸ்திவாரம் பெரும்பாலும் அதுவே. பாய்மரத்தின் உச்சியில் இடி விழுந்து, ஆன்டெனாக் கம்பி வழியே இறங்கிய மின்சாரம் கருவிகளைக் கருக்கிவிட்டால் அது காப்பீட்டுக்கு உட்பட்டது. திருடன் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து கருவியைக் கழற்றிச் சென்றாலும் அப்படியே. பலாத்காரமாக நுழைந்ததற்கு அடையாளம் இல்லாவிட்டால் சங்கடம். விசித்திரமான ஷரத்து ஒன்றும் அங்கே உண்டு: கடுங்காற்றிலும் கொந்தளிப்பிலும் மின்சாதனங்களுக்குச் சேதம் நேர்ந்தால் பணம் கிடையாது, படகு தண்ணீரில் அமிழ்ந்தோ, தரைதட்டியோ, வேறொரு படகின் மீதோ துறைமேடையின் மீதோ மோதியோ அச்சேதம் விளைந்திருந்தால் மாத்திரம் கிடைக்கும். புயலில் தெறித்த உப்புநீரால் கருவி செத்துப்போய்ப் படகு தப்பிவிட்டால் உடையவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்!

இவையெல்லாம் எப்போதோ நிகழ்பவை. கருவிக்கு நித்திய சத்துரு அடிக்குழியின் ஈரமே. தண்ணீர் ஏறும்போது தானும் மேலெழுந்து சுவிட்சைத் தட்டிவிட வேண்டிய சிறு மிதவை எண்ணெய்ப் பிசுக்கில் சிக்கி அசையாமற் கிடக்கும். அதனுடன் இணைந்த செப்புக்கம்பியின் முனையிலோ பச்சைக் களிம்பு பூத்து, தொட்டால் பொடியாய் உதிரும். சாதாரணத் தேய்மானத்துக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்லர் என்பதை 1906-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடற்காப்பீட்டுச் சட்டம் 55-ஆம் பிரிவிலேயே சொல்லி வைத்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி பழைய சரித்திரம் உடையது. லிவர்பூலிலிருந்து ஐம்பது ஆட்களுக்குக் குறையாமல் புறப்பட்டதாக உறுதி கூறிக் காப்பீடு செய்யப்பட்ட ஜூனோ என்ற கப்பல், உண்மையில் நாற்பத்தாறு பேருடன் கிளம்பி, சில மணி நேரத்தில் வேல்ஸ் கரையிலுள்ள போமாரிஸில் மேலும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, வெகுகாலம் கழித்து ஆப்பிரிக்கக் கரையருகே எதிரிகளால் பிடிபட்டது. அந்தச் சிறு தூரத்தில் ஆட்குறைவால் அபாயம் எதுவும் கூடவில்லை. எனினும் சொன்ன உறுதி எழுத்துப் பிசகாமல் நிறைவேறவில்லை என்பதால் காப்பீட்டாளர் பொறுப்பிலிருந்து விடுபட்டார் என்று 1786-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். 1906-ஆம் வருஷச் சட்டமும் அந்தக் கண்டிப்பையே ஏற்றுக்கொண்டது. அதன்படி, அடிக்குழி எச்சரிக்கைக் கருவி எப்போதும் வேலைசெய்யும் என்று பாலிசியில் உறுதி கொடுத்தவரின் கருவி ஒரு வாரம் உறங்கிப்போய்ப் பிறகு சரியாக்கப்பட்டிருந்தாலும், அதன்பின் நெருப்புப் பிடித்த படகுக்குக்கூட அவர் பணம் கேட்க முடியாதிருந்தது.

2016 ஆகஸ்டில் அமலுக்கு வந்த, 2015-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இந்தக் கொடுமையை நிவர்த்தி செய்தது. உறுதிமொழி மீறப்பட்டிருக்கும் காலத்துக்கு மட்டுமே காப்பீடு நின்றுபோகும். குறை தீர்ந்ததும் அது பொதுவாகத் திரும்பவும் உயிர்பெறும். தவிரவும், நிகழ்ந்த நஷ்டத்தின் அபாயத்தை அந்த மீறல் கூட்டியிருக்கவே முடியாது என்று உடையவர் நிரூபித்தால், காப்பீட்டாளர் அதைச் சாக்காக எடுக்க இயலாது. வேலைசெய்யாத தண்ணீர்க் கருவியைக் காட்டித் திருட்டு நஷ்டத்தை மறுப்பது இனி கடினம்.

ஆனால் கருவி நன்றாகவே வேலைசெய்திருந்தால்? அங்கேதான் சூட்சுமம். குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் பாலிசியில், கடலுக்குத் தகுதியற்ற படகை அந்நிலை தெரிந்தே உடையவர் கடலுக்கு அனுப்பினால், அத்தகுதியின்மையால் விளைந்த நஷ்டத்துக்குப் பணம் இல்லை என்கிறது பழைய சட்டத்தின் 39-ஆம் பிரிவு. தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டவர் தெரிந்தவராகவே கருதப்படுவார் என்பது யூரிஸ்தெனீஸ் வழக்கில் 1976-இல் அப்பீல் நீதிமன்றம் கொண்ட கருத்து. முன்காலத்தில் படகின் நிலை உடையவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டக் காப்பீட்டாளர் எவ்வளவோ சிரமப்பட வேண்டியிருந்தது. இப்போதோ, தண்ணீர் இறைக்கும் பம்பு மூன்று வாரமாக மணிக்கொருதரம் ஓடியதையும், அதுபற்றிய செய்திகள் அவர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்ததையும் தேதி நேரத்துடன் எழுதி வைத்திருப்பது, அவர் தம் செலவில் வாங்கிப் பொருத்திய அந்தக் கருவியே.