வாய்ப்பறிதல்

நுழையும்முன்

உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவதற்கு உழைப்பு அடிப்படை. எனினும், உழைத்த மாணவர் பலர் தம் நிலையைச் சரியாக அளந்தறியாமையால் கிடைக்கவேண்டிய இடத்தை இழந்துவிடுகின்றனர். மதிப்பெண், தரவரிசை, இட ஒதுக்கீடு, விருப்ப வரிசை ஆகியவற்றைப் புரிந்துகொண்டு ஒருவர் தமக்குரிய வாய்ப்பைக் கணக்கிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊருக்குள் ஒரு கல்லூரி

காரைக்கால் நகரிலிருந்து தரங்கம்பாடி நோக்கி வடக்கே செல்லும் சாலையில் அமைந்த ஊர் கோட்டுச்சேரி. கோட்டுச்சேரிக் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த கடலோர ஊர்களுள் ஒன்று திருவேட்டக்குடி. 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் அங்குதான் உள்ளது. நாடு முழுவதிலுமிருந்து மாணவர் வந்து பயிலும் அந்நிறுவனத்தின் மதிலைக் கடந்தே சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பலர் பள்ளிக்குச் செல்கின்றனர்.

அம்மதிலைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் இருவகை எண்ணங்கள் தோன்றுவது இயல்பு. "நம் ஊர்க் கல்லூரிதானே, எப்படியும் கிடைத்துவிடும்" என்பது ஒன்று. "அதெல்லாம் நமக்கு எட்டாத உயரம்" என்பது மற்றொன்று. முன்னது அளவற்ற நம்பிக்கை; பின்னது அளவற்ற அச்சம். இரண்டும் அளந்து பாராமல் கொண்ட முடிவுகளே.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசர்க்கு உரைக்கப்பட்ட அம்மூன்று அறிதல்களும் கல்லூரி வாயிலில் நிற்கும் மாணவர்க்கும் பொருந்துவன.

வலியறிதல்

தன் வலிமையை அறிவது என்றவுடன் பலர் மதிப்பெண்ணையே நினைக்கின்றனர். ஆனால் போட்டித் தேர்வில் மதிப்பெண் தனித்து நின்று பொருள் தருவதில்லை. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் உயர்ந்த அளவு மதிப்பெண் 720. 2024ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட முடிவில் 17 பேர் முழு மதிப்பெண் பெற்றிருந்தனர். அடுத்த ஆண்டு வினாத்தாள் கடினமாக அமைந்தது. நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. ஓராண்டில் முதலிடத்திற்குப் போதிய மதிப்பெண், முந்தைய ஆண்டில் எத்தனையோ பேருக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும். எனவே, சென்ற ஆண்டு இத்தனை மதிப்பெண் பெற்றவர்க்கு இடம் கிடைத்தது என்னும் செய்தியை மட்டும் கொண்டு இவ்வாண்டின் வாய்ப்பைக் கணிப்பது பிழையாகும். ஆண்டுக்காண்டு ஒப்பிடத்தக்கது தரவரிசையே.

தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் பெர்சென்டைல் எனப்படும் சதமானம் வழங்கப்படுகிறது. இது விழுக்காடு அன்று. ஒருவருக்கு இணையாகவோ குறைவாகவோ மதிப்பெண் பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையே சதமானம் காட்டுகிறது. தேர்வை 10 இலட்சம் பேர் எழுதினர் எனக் கொண்டால், 99 சதமானம் பெற்றவர்க்கு முன்னால் ஏறத்தாழ 10,000 பேர் இருப்பர். 90 சதமானம் பெற்றவர்க்கு முன்னால் ஏறத்தாழ 1,00,000 பேர் இருப்பர். பள்ளித் தேர்வில் 90 என்பது பெருமைக்குரிய எண். இங்கோ அது நெடிய வரிசையில் ஓரிடம்.

தகுதி பெறுதலும் இடம் பெறுதலும் ஒன்றல்ல என்பதையும் உணர்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் 12 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர். நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு இலட்சத்தைக் கடந்தவை. அவற்றிலும் ஒரு பெரும்பகுதி கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரிகளில் உள்ளது.

இடனறிதல்

தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஒவ்வொன்றிலும் பாதி இடங்கள் அது அமைந்துள்ள மாநிலத்தின் மாணவர்க்கும், மறுபாதி பிற மாநில மாணவர்க்கும் ஒதுக்கப்படுகின்றன. திருவேட்டக்குடியிலுள்ள நிறுவனத்தின் சொந்த மாநில இடங்களுக்குப் புதுச்சேரி ஒன்றியப் பகுதி மாணவர் உரியவராவர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 இலட்சம், தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. சிறிய நிலப்பகுதியின் மாணவர்க்குப் பாதி இடங்கள் என்பது பெரியதோர் வாய்ப்பு.

ஆனால், சொந்த மாநிலம் எது என்பதைப் பிறந்த ஊரோ குடியிருக்கும் வீடோ தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் எந்த மாநிலத்தில் படித்துத் தேர்ச்சி பெற்றாரோ, அதுவே அவருடைய சொந்த மாநிலமாகக் கொள்ளப்படும். இவ்விதி கோட்டுச்சேரி போன்ற எல்லையோர ஊரில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காரைக்கால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954ஆம் ஆண்டு இந்தியாவுடன் இணைந்தது. அவ்வரலாற்றின் காரணமாக, மூன்று புறம் தமிழ்நாடும் ஒரு புறம் வங்கக்கடலும் சூழ்ந்த தனிப்பகுதியாக அது இன்றும் விளங்குகிறது. கோட்டுச்சேரிக்கு வடக்கே நண்டலாற்றைக் கடந்தால் பொறையாறு. அது தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். இருபுறத்து மக்களுக்கும் மொழியும் உறவும் சந்தையும் ஒன்றே. பேருந்தில் செல்வோர்க்கு எல்லை கடந்ததே தெரியாது.

கோட்டுச்சேரி மாணவி ஒருவர் பத்தாம் வகுப்பு முடித்துத் தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் மேல்நிலைக் கல்வி பயில்கிறார் எனக் கொள்ளலாம். வீட்டுக்கு அருகிலுள்ள திருவேட்டக்குடி நிறுவனத்தில் அவர் பிற மாநில மாணவராகவே கருதப்படுவார். திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகமே அவருடைய சொந்த மாநில நிறுவனமாகும். அங்குத் தமிழ்நாடு முழுவதுமுள்ள மாணவரோடு அவர் போட்டியிடவேண்டும். மாறாக, தமிழ்நாட்டில் குடியிருந்து காரைக்கால் பள்ளியில் பயிலும் மாணவர் திருவேட்டக்குடியில் சொந்த மாநில இடங்களுக்கு உரியவராவார். இரண்டில் எது நன்று என்பது அவரவர் தரவரிசையைப் பொறுத்தது. ஆயினும் இவ்விதியை அறிந்து பள்ளியைத் தேர்வதற்கும், அறியாமல் தேர்ந்துவிட்டுப் பின்னர் வருந்துவதற்கும் வேறுபாடு உண்டு.

புதுச்சேரி அரசின் சென்டாக் என்னும் மையச் சேர்க்கைக் குழு வேறோர் அளவுகோலைக் கைக்கொள்கிறது. அங்குக் குடியிருப்புச் சான்று இன்றியமையாதது. தொழிற்படிப்பு இடங்களில் புதுச்சேரிக்கு 75, காரைக்காலுக்கு 18, மாகேக்கு 4, ஏனாமுக்கு 3 விழுக்காடு என வட்டார ஒதுக்கீடும் பின்பற்றப்படுகிறது. மருத்துவப் படிப்பில் புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்க்கு 2023 முதல் 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு அளிக்கப்படுகிறது. ஆகவே, ஒரே மாணவர் ஒரு கலந்தாய்வில் ஓரிடத்தவராகவும் மற்றொரு கலந்தாய்வில் வேறிடத்தவராகவும் கருதப்படக்கூடும்.

இடங்களின் கணக்கு

ஒரு பாடப்பிரிவில் 60 இடங்கள் உள்ளன எனக் கொண்டால், அவற்றுள் சொந்த மாநிலத்திற்குரியவை 30. மைய அரசின் ஒதுக்கீட்டின்படி பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 27, பட்டியல் இனத்தவர்க்கு 15, பழங்குடியினர்க்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்க்கு 10 விழுக்காடு இடங்கள் உண்டு. இக்கணக்கின்படி 30 இடங்களுள் ஏறத்தாழ 8 பிற பிற்படுத்தப்பட்டோர்க்கும், 4 அல்லது 5 பட்டியல் இனத்தவர்க்கும், 2 பழங்குடியினர்க்கும், 3 நலிந்த பிரிவினர்க்கும் செல்லும். எஞ்சிய 12 அல்லது 13 இடங்கள் பொதுப் போட்டிக்குரியவை. அவற்றிற்கு எல்லாப் பிரிவினரும் போட்டியிடலாம். மாணவியர் எண்ணிக்கையை உயர்த்தும் நோக்கில் 2018 முதல் கூடுதல் இடங்களும் உருவாக்கப்பட்டு வருகின்றன.

அறுபது என்று தோன்றிய எண், ஒருவருக்கு உரிய பகுதியைப் பிரித்துப் பார்க்கும்போது எட்டாகவோ பன்னிரண்டாகவோ சுருங்கிவிடுகிறது. தமக்குரிய அச்சிறிய எண்ணே வாய்ப்பைக் கணக்கிடுவதற்கான தொடக்கம்.

ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை, சுற்று வாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது. அதனைப் படிக்கும்போது பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு அங்குத் தரப்படுவது அப்பிரிவினருக்குள்ளான தரவரிசை. அனைவர்க்கும் பொதுவான தரவரிசை அன்று. பொதுத் தரவரிசையை அதனோடு ஒப்பிடுபவர் கிடைக்கக்கூடிய இடத்தையும் கிடைக்காது எனக் கைவிட்டுவிடுவர்.

மூன்று அடுக்குகள்

ஓராண்டின் கடைசித் தரவரிசை மட்டும் போதிய சான்றாகாது. குறைந்தது மூன்றாண்டுகளின் எண்களை நோக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பாடப்பிரிவின் கடைசித் தரவரிசை மூன்றாண்டுகளில் முறையே 21,000, 24,000, 22,500 என அமைந்ததாகக் கொள்ளலாம். 15,000ஆம் தரவரிசை பெற்றவர்க்கு அவ்விடம் ஏறத்தாழ உறுதியானது. 22,000 பெற்றவர்க்கு அது பொருந்தும் இடம். கிடைக்கவும் கூடும், நழுவவும் கூடும். 30,000 பெற்றவர்க்கு அது எட்ட முயலும் இடம்.

இவ்வாறு உறுதியானவை, பொருந்துபவை, எட்ட முயல்பவை என மூன்று அடுக்குகளாகக் கல்லூரிகளைப் பிரித்துக்கொண்டால் அச்சமும் மிகைநம்பிக்கையும் அடங்கும். காரைக்கால் மாணவருடைய பட்டியலில் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தோடு, பெருந்தலைவர் காமராசர் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம், செருமாவிலங்கையிலுள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, அறிஞர் அண்ணா அரசு கலைக்கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி ஆகியனவும் அவரவர் விருப்பத்திற்கேற்ப இடம்பெறலாம். உறுதியான இடம் என்பது தாழ்ந்த இடம் அன்று. சென்று பயில மனம் ஒப்பும் இடமே அவ்வடுக்கில் இருத்தல் வேண்டும்.

விருப்ப வரிசை

அடுக்குகளைப் பிரித்தபின் விருப்பப் பட்டியலை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்னும் வினா எழுகிறது. கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்கும் கல்லூரியும் போய்விடுமோ என்று அஞ்சி, உறுதியான இடத்தையே முதலில் எழுதுவோர் பலர். இவ்வச்சத்திற்கு அடிப்படையில்லை.

டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் 1962ஆம் ஆண்டு கல்லூரிச் சேர்க்கை பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கூறிய முறையில், ஒருவருடைய முதல் விருப்பம் நிறைவேறாவிடில் அவர் இரண்டாம் விருப்பத்திற்கு அனுப்பப்படுவார். அங்கு அவரைவிடப் பின்தங்கிய தரவரிசையினர் தற்காலிகமாக இடம் பெற்றிருந்தால், அவ்விடம் இவருக்கே மாற்றப்படும். ஆதலால், எட்டாத இடத்தை முதலில் எழுதியதனால் எவரும் எதையும் இழப்பதில்லை. ஷாப்லி 2012ஆம் ஆண்டு ஆல்வின் ரோத்துடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஐ.ஐ.டி.களுக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் 2015 முதல் இடம் ஒதுக்கும் ஜோசா அமைப்பு இம்முறையையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

இங்கு இழப்பு நேர்வது மறுதலையான செயலால்தான். உறுதியான இடத்தை முதலில் எழுதியவர்க்கு அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதிய சிறந்த இடத்திற்கு அவர் பெயர் கருதப்படாது. ஆகவே, மெய்யான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதுதல் வேண்டும். பட்டியலின் இறுதியில் உறுதியான இடங்களும் தவறாமல் இருத்தல் வேண்டும். வாய்ப்பின் கணக்கு, பட்டியலில் எவை இடம்பெற வேண்டும் என்பதைச் சொல்லும். எது முதலில் வரவேண்டும் என்பதை விருப்பமே சொல்லும்.

காலமறிதல்

நல்ல தரவரிசை பெற்றும் சான்றிதழ் இன்மையால் இடத்தை இழப்பது பெருந்துயர். பிற பிற்படுத்தப்பட்டோர்க்குரிய சான்றிதழ் மைய அரசின் படிவத்தில், சேர்க்கை நடைபெறும் ஆண்டின் ஏப்ரல் முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பெற்றதாக இருத்தல் வேண்டும் என ஜோசா கேட்கிறது. மாநில அரசின் சாதிச் சான்று மட்டும் அங்குப் போதாது. மேலும், தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்வதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு மதிப்பெண்ணோ, அவரவர் கல்வி வாரியத்தின் முதல் 20 சதமானத்துள் இடமோ பெறவேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 65 விழுக்காடு போதும். நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காகப் பள்ளிப் பாடத்தைப் புறக்கணிப்போர் இவ்விதியால் தடுக்கப்படுவர்.

தெரியுமா?

இலங்கையில் பல்கலைக்கழகச் சேர்க்கை இசட் மதிப்பெண் என்னும் தரப்படுத்திய மதிப்பெண் வழியே நடைபெறுகிறது. பெரும்பாலான படிப்புகளில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய தகுதியின்படியும், 55 விழுக்காடு மாவட்ட அடிப்படையிலும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் அளிக்கப்படுகின்றன. எனவே, ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள் ஒருவர்க்கு இடம் கிடைப்பதும் மற்றவர்க்குக் கிடைக்காமற் போவதும் அங்கும் உண்டு.

அளவும் மனிதரும்

தரவரிசை என்பது ஒரு நாளில் ஒரு தேர்வில் ஒருவர் நின்ற இடம். அது கல்லூரி வாயிலுக்குரிய அளவுகோல். வாழ்க்கைக்குரிய அளவுகோல் அன்று. வாய்ப்பை அளந்தறிந்த மாணவர், இடம் கிடைக்காதபோது தம்மைத் தாழ்வாகக் கருதமாட்டார். எத்தனை இடங்கள், எத்தனை பேர் என்னும் கணக்கு அவர்க்குத் தெரியும். கிடைக்கக்கூடிய இடத்தை அச்சத்தால் கைவிடவும் மாட்டார். திருவேட்டக்குடியின் மதில் எல்லார்க்கும் ஒரே உயரந்தான். நுழைவாயில் எப்பக்கம் உள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்தவர்க்கு உள்ளே செல்லும் வழி புலப்படும்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் சேர விரும்பும் ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவிற்கான கடைசித் தரவரிசையை மூன்றாண்டுகளுக்குத் திரட்டி, அட்டவணைப்படுத்துக.
2. நீங்கள் விரும்பும் கல்லூரிகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, அவ்வாறு பிரித்ததற்கான காரணத்தை வகுப்பறையில் எடுத்துரைக்க.
3. 'சொந்த மாநிலத்தைத் தீர்மானிக்க வேண்டியது படித்த பள்ளியா, குடியிருக்கும் ஊரா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.