பட்டா ஒருவர் பேரில், பாடு இன்னொருவருக்கு: உழவர் உதவி யாருக்கு?

திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் ஏராளம். அரசு தரும் உதவிகளைப் பற்றி அவர்களும் சிறு பட்டாதாரர்களும் அடிக்கடி எழுப்பும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

குறுவையும் சம்பாவும் நான்தான் போடுகிறேன். பி.எம். கிசான் பணம் எனக்கு ஏன் வரவில்லை?

அந்தத் திட்டம் வயலில் இறங்குகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. நில ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது, 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருவதாக இருந்தது. அதே ஆண்டில் நில வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஐம்பது ஏக்கர்காரர்கூட, வருமான வரி கட்டாதவராகவும் அரசு ஊழியர் போன்ற விலக்குகளில் சேராதவராகவும் இருந்தால், பணம் பெறலாம். ஆறு மா குத்தகைக்கு உழுகிறவர் பெற முடியாது.

கோயில் நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். உரிமையாளர் ஒரு நிறுவனம் என்பதால் கோயிலுக்கும் கிடையாது, குத்தகைதாரருக்கும் கிடையாது. அந்த வயலின் பேரில் ஒருவருக்கும் ஒரு ரூபாய் வருவதில்லை. மழையில் கதிர் சாய்ந்தால் இழப்பு முழுவதும் குத்தகைதாரர் தலையில் விழும்போது இந்த விதி அநியாயம் என்றே சொல்வேன். மாற்ற வேண்டியது மத்திய அரசு.

1969-ம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்தால் கிடைக்குமா?

இந்தப் பணம் கிடைக்காது. ஆனால் நிலத்தைவிட்டு வெளியேற்ற யாராவது முயன்றால் அந்தப் பதிவுதான் கையில் இருக்கும் சான்று.

அப்பா காலமாகிவிட்டார், பட்டா இன்னும் அவர் பேரில் இருக்கிறது. என்ன செய்வது?

வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் கைமாறியிருந்தால் புதிய உரிமையாளருக்குப் பணம் கிடையாது என்பது விதி; ஆனால் இறப்பினால் வந்த வாரிசுரிமைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கூட்டுப் பட்டாவாக இருந்தால் தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே பெறலாம். கணவன், மனைவி, 18 வயதாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம்.

ஆதார், கைரேகை என்று ஏன் இத்தனை அலைச்சல்?

2020-ல் தமிழ்நாட்டில் வெளியான பி.எம். கிசான் மோசடி நினைவிருக்கும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் எனப் பல மாவட்டங்களில் விவசாயியே அல்லாதவர்களைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மாநிலம் முழுவதும் சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. கெடுபிடி தேவைதான். ஆனால் கைரேகை தேய்ந்த முதியவர்கள் அதனால் தவணையை இழக்கக் கூடாது. முக அடையாளம் மூலமும் இ-கேஒய்சி என்ற இந்த அடையாளச் சரிபார்ப்பை முடிக்கலாம்.

குத்தகைதாரருக்கு எதுவுமே இல்லையா?

இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது மானியத்தால்தான்; அதை வாங்க ஆதார் போதும், பட்டா வேண்டாம். இதைவிடப் பெரியது பயிர்க் காப்பீடு. குத்தகைதாரரும் அதில் சேரலாம். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயி கட்டும் பிரிமியம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு கூட்டுறவுச் சங்கத்திலோ இ-சேவை மையத்திலோ பதியலாம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அதுவரை காத்திருக்காமல், நடவு முடிந்ததும் அடங்கலை உங்கள் பெயரில் கேட்டு வாங்கிவிடுங்கள்.