பட்டைச் செயின் வாங்கப் போகிறீர்களா?

நகைக்கடைத் தட்டில் இரண்டு செயின்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டும் 18 அங்குல நீளம், இரண்டும் ஒரு சென்டிமீட்டர் அகலம், இரண்டிலும் 916 முத்திரை. ஒன்று நான்கு பவுன், மற்றது பதினான்கு பவுன். கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பத்து பவுன் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர்தான் பட்டைச் செயினைச் சரியாக வாங்க முடியும்.

விடை தங்கத்தின் அடர்த்தியில் இருக்கிறது. சுத்தத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டர் 19.3 கிராம் நிற்கும். செம்பு சேர்ந்த 22 காரட் தங்கம் ஏறத்தாழ 17.6 கிராம். அப்படியானால் எட்டு கிராம் கொண்ட ஒரு பவுன், கொள்ளளவில் அரை கன சென்டிமீட்டர்கூட இல்லை. இப்போது ஒரு மனக்கணக்கு போடுவோம். 45 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம் கொண்ட ஒரு கெட்டித் தங்கப் பட்டை 13.5 கன சென்டிமீட்டர். எடை 237 கிராம், கிட்டத்தட்ட 30 பவுன். செயின் என்பது கண்ணிகளால் ஆனது, நடுவே இடைவெளி உண்டு. அதற்காகப் பாதியைத் தள்ளிவிட்டாலும் 15 பவுன் வருகிறது. ஆகவே ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் புஷ்டியாகத் தெரியும் நான்கு பவுன் செயினைக் கடைக்காரர் காட்டினால், அதன் உள்ளே காற்றுதான் இருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதைச் சொல்லாமல் விற்றால்தான் ஏமாற்று.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆசைப்பட்டு அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு அது கொஞ்சம் கசக்கும். ஒரு செயினை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு அகலமாக்கினால் ஒவ்வொரு கண்ணியும் நீளம், அகலம், கனம் மூன்றிலும் இரண்டு மடங்காகும். கண்ணியின் எடை எட்டு மடங்கு. அதே நீளத்துக்குப் பாதிக் கண்ணிகள் போதும் என்பதால் மொத்த எடை நான்கு மடங்கு. 5 மில்லிமீட்டரில் இரண்டு பவுனுக்குக் கிடைக்கும் செயின், 10 மில்லிமீட்டரில் எட்டு பவுன் கேட்கும். அகலம் ஏற ஏற பட்ஜெட் எகிறுவதற்குத் தங்கம் விலை மட்டும் காரணமில்லை.

எகிறும் எடையைக் குறைக்கப் பட்டறைகளில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். முதல் வழி பொள்ளல். செம்பு அல்லது இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய தங்கத் தகட்டைக் குழாயாகச் சுற்றி, அந்தக் குழாயையே கண்ணிகளாக வளைத்துச் செயினாக்குவார்கள். செயின் முழுதாக உருவான பிறகு ஆசிட்டில் போட்டால் உள்ளே இருக்கும் கம்பி கரைந்து வெளியே வந்துவிடும். தங்கம் அப்படியே நிற்கும். மிஞ்சும் சுவரின் கனம் கால் மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் கீழ். பார்வைக்கு யானைச் சங்கிலி, கையில் எடுத்தால் காகிதம்.

இரண்டாவது வழி பழையது, எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய கம்பியில் பெரிய கண்ணி செய்வதற்குப் பதில், மெல்லிய கம்பியில் செய்த பல சரங்களை அடுத்தடுத்து வைத்துப் பின்னிவிடுவது. சரத்தை இரட்டிப்பாக்கினால் எடையும் இரட்டிப்புதான் ஆகும், நான்கு மடங்காகாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பொற்கொல்லர்கள் இப்படித்தான் நாடா போன்ற பட்டை மாலைகளைச் செய்தார்கள். அவர்கள் கையாண்ட கண்ணி முறை அதற்கும் இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளிலேயே அந்தச் சங்கிலிகள் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு வளையத்தையும் முதலில் தனியாகப் பற்றவைத்து முடித்துவிடுவார்கள். பிறகு அதை நசுக்கி நீளமாக்கி, இரண்டாக மடித்து, முந்தைய வளையத்தின் காதுக்குள் நுழைப்பார்கள். கோத்த பிறகு நெருப்பே காட்ட வேண்டியதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் இல்லை.

இன்றைய செயின்களுக்கு அந்தப் பயம் உண்டு. கையால் செய்யும் ஆசாரி, கம்பியை ஒரு குச்சியில் சுருளாகச் சுற்றி, சுருளை நீளவாக்கில் அறுத்து வளையங்களாக்கி, கோத்து, ஒவ்வொரு வாயிலும் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவார். கை கொஞ்சம் தாமதித்தால் பக்கத்துக் கண்ணியும் சேர்ந்து உருகி ஒட்டிவிடும். கோயம்புத்தூரிலோ இத்தாலியின் அரெஸ்ஸோ, விசென்ஸாவிலோ இருக்கும் செயின் தொழிற்சாலைகளில் ஊதுகுழல் கிடையாது. மெஷின் கம்பியை வளைத்து, வெட்டி, முந்தைய கண்ணிக்குள் மாட்டிக்கொண்டே போகிறது. கோத்து முடித்த செயினைப் பற்றுப்பொடிக் கலவையில் முக்குகிறார்கள். கண்ணியின் வாயில் இருக்கும் மெல்லிய விரிசலுக்குள் பொடி புகுந்துகொள்ளும். மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டு, செயின் முழுக்க டால்க் மாவைப் பூசுகிறார்கள். முகப் பவுடரில் இருக்கும் அதே டால்க்தான். பிறகு, ஆக்சிஜன் இல்லாத வாயு நிரம்பிய உலைக்குள் பெல்ட் மேல் வைத்து அனுப்புகிறார்கள். வாய்கள் மூடிக்கொள்ளும், டால்க் பூசிய இடங்கள் ஒட்டாது. ஆக்சிஜன் இல்லாததால் தங்கத்திலுள்ள செம்பும் கறுக்காது.

பற்றவைக்கும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் கடை வாசலில் ‘கேடிஎம் நகை’ என்று பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள். காட்மியம் கலந்த பற்று என்று அர்த்தம். அதற்கு முன்பு செம்பு அதிகம் சேர்ந்த பற்று பயன்பட்டதால், நகையை உருக்கினால் மாற்று குறைந்துவிடும். 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம் என்று கலந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் சூட்டில் ஆவியாகும் காட்மியம் பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலைத் தின்றது. இன்று துத்தநாகம் போன்ற வேறு உலோகங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. இப்போதும் யாராவது கேடிஎம் என்று சொல்லி விற்றால் அதைத் தரத்தின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, பட்டைச் செயினுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ஒல்லிச் செயின் எந்தக் கழுத்திலும் எப்படிப் போட்டாலும் படியும். பட்டை அப்படியல்ல. ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையை மேசையில் வட்டமாக வைத்தால், வெளி விளிம்பின் சுற்றளவு உள் விளிம்பைவிட 6.3 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். கழுத்தின் அடிப்பகுதி சாய்வாக இருப்பதால் நமக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் போதும். அந்தக் கூடுதல் நீளம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பாவாடைக்குக் கீழ்ப்பக்கம் கூடுதல் துணி விடுவதைப் போலத்தான் இதுவும். கண்ணிகளுக்கு நடுவே அசைய இடம் இருந்தால் வெளி விளிம்பு விரிந்து கொடுக்கும். இல்லையென்றால் செயின் ஓரமாக எழும்பி நிற்கும், அல்லது புரண்டு முதுகைக் காட்டும்.

கர்ப் எனப்படும் முறுக்குக் கண்ணிச் செயின் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். சாதாரணச் சங்கிலியில் ஒரு கண்ணி படுத்திருந்தால் அடுத்தது எழுந்து நிற்கும். ஒவ்வொரு கண்ணியையும் முறுக்கி, பிறகு அழுத்தித் தட்டையாக்கினால் எல்லாம் ஒரே தளத்தில் படுத்துவிடும். கண்ணிகளை நெருக்கமாகவும் தடிமனாகவும் கோத்தால் அதுதான் இன்று இளைஞர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் கியூபன் செயின். 1980களில் நியூயார்க் ராப் பாடகர்கள் தடித்த கயிற்றுச் செயின்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையேறினார்கள். பிறகு அந்த இடத்தைக் கியூபன் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி அதே காலத்திலேயே கழுத்து நிறையப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். தமக்கு முன்மாதிரி எல்விஸ் பிரெஸ்லி என்று சொன்னார்.

தேறாதது ஹெர்ரிங்போன் என்னும் தட்டைப் பின்னல். கண்ணாடித் தகடு போல் வழவழவென்று ஒளிரும், விலையும் கைக்கடக்கமாக இருக்கும், ஏனென்றால் மிக மெல்லியது. ஆனால் பக்கவாட்டில் ஒருமுறை மடங்கிவிட்டால் அந்த மடிப்பு போகவே போகாது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, சுருட்டி டப்பாவில் வைக்கக் கூடாது, குழந்தையைத் தூக்கக் கூடாது. இத்தனை ‘கூடாது’ சொல்லும் நகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கடையில் செயினைக் கையில் வாங்கியதும் ஆள்காட்டி விரலின் மேல் தொங்கவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி ஓட வேண்டும். ஓரிடத்தில் விறைத்தால் அங்கே இரண்டு கண்ணிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்து வெல்வெட் தட்டின் மேல் கழுத்தளவுக்கு வட்டமாக வைத்து ஓரம் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு திருப்பிப் போடுங்கள். முகப்பை எல்லோரும்தான் மெருகேற்றுவார்கள். முதுகுப் பக்கம் அரம் பட்ட தடமும் கூர்மையும் இருந்தால் பட்டுப் புடவையின் இழையை அது இழுத்துவிடும். புடவை முந்தானையாலேயே ஒருமுறை உருவிப் பார்த்துவிடலாம். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நீளம் கேட்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். செயினின் நீளத்தை நீட்டிவைத்து அளக்கிறார்கள். கழுத்தைச் சுற்றும்போது உள்பக்கம் சுருங்கும். 4 மில்லிமீட்டர் கனமுள்ள செயினில் இந்த இழப்பு ஏறத்தாழ அரை அங்குலம். ஒல்லிச் செயினில் 16 அங்குலம் அளவாக இருப்பவருக்குத் தடித்த செயினில் அது கழுத்தைப் பிடிக்கும். 17, 18 என்று ஏற வேண்டும்.

கொக்கியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. எட்டு பவுன் செயினுக்கு ஒல்லிச் செயினின் எஸ் கொக்கியை மாட்டிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தினமும் கழற்றி மாட்டும் இடம் அது. முதலில் தேய்வதும் அதுதான். பட்டைக்குப் பெட்டிக் கொக்கியும், பக்கத்தில் ஒரு சின்னப் பாதுகாப்புப் பூட்டும் இருப்பது நல்லது. பிடரி முடி சிக்குகிறதா என்பதைக் கடையிலேயே போட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முத்திரை விஷயம் சுருக்கமானது. இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு இலக்க எச்யுஐடி எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த ஆறு இலக்கத்தை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன நகை, என்ன தரம் என்று வரும். செயின் என்று பதிவான எண் வளையலில் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஆனால் முத்திரை சொல்வது தங்கத்தின் தரத்தை மட்டும். பொள்ளலா கெட்டியா என்று அது சொல்லாது. அதை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பொள்ளல் செயின் நசுங்கினால் நிமிர்த்த முடியாது, தேய்ந்து ஓட்டை விழுந்தால் பற்றவைப்பதும் கஷ்டம். சேதாரம் என்று கொடுத்த பணமோ எந்தச் செயினானாலும் திரும்பி வரப்போவதில்லை.

அணிவதில் எனக்குள்ள அபிப்பிராயம் ஒன்றுதான். பட்டைச் செயின் தனியாக இருக்க வேண்டும். தாலிச் சரடோடு சேர்த்துத் தினமும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று உரசும். 22 காரட் மென்மையான உலோகம். வியர்வையும் தூசியும் சேர்ந்தால் அரத்தின் வேலையைச் செய்யும். வேலைப்பாடு மிகுந்த ரவிக்கையின் மேல் பட்டை எடுபடாது. கழுத்து மூடிய வெற்று ரவிக்கை, ஒரே நிற குர்தா, காலர் திறந்த சட்டை ஆகியவற்றின் மேல்தான் அதன் கம்பீரம் தெரியும். டாலர் மாட்ட வேண்டாம், பட்டையே போதும். நீச்சல் குளத்துக் குளோரினும், உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசமும் தங்கத்துக்கு ஆகாதவை. பாதரசம் பட்ட இடம் வெளுத்து நொறுங்கும். அழுக்கெடுக்க வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

கெட்டிச் செயினுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பைக்கில் வந்து பறிப்பவன் இழுக்கும்போது ஒல்லிச் செயின் அறுந்துவிடும். தடித்த கெட்டிச் செயின் அறுபடாமல் ஆளையே சாய்த்துவிடும். ஆகவே அதைக் கல்யாண மண்டபத்தில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், பஸ் நிறுத்தத்தில் வேண்டாம்.

கையில் ஐந்து பவுனுக்குத்தான் பணம் இருக்கிறது, வாரம் நான்கு நாள் போட வேண்டும் என்றால் 10 மில்லிமீட்டர் பொள்ளலை விட்டுவிட்டு 7 மில்லிமீட்டர் கெட்டி முறுக்குக் கண்ணியை வாங்குங்கள். வருஷத்துக்கு இரண்டு விசேஷத்துக்கு மட்டும் என்றால் பொள்ளலே போதும். பில்லில் மட்டும் ‘பொள்ளல்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.