நாற்பது நாளுக்குப் பின்

தவக்காலம் முழுவதும் பீடியைத் துறந்திருந்து, உயிர்ப்புப் பெருவிழாவன்று மீண்டும் பற்றவைக்கும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே உண்டு. இதனை மன உறுதியின்மை என இகழலாகாது. புகையிலையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டி மனிதனை அடிமையாக்குகிறது. அதனை விட்டவருக்கு எரிச்சலும் உறக்கமின்மையும் முதல் வாரத்தில் கடுமையாயிருந்து, பெரும்பாலும் நான்கு வாரங்களில் தணியும். ஆகவே நாற்பது நாள் பொறுத்தவர், கடினமான பகுதியைக் கடந்துவிட்டவரே. அவரைத் திரும்ப இழுப்பது பழக்கம்: இடைசெவல் தேநீர்க் கடைப் பலகை, கரிசல் காட்டில் வேலை ஓயும் வேளை, நண்பர் நீட்டும் கோவில்பட்டித் தீப்பெட்டி.

இங்கேதான் துணை வேண்டும். நடுவண் அரசு 2016-இல் தொடங்கிய இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவையின் எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். எந்த வேளையில், எதனால் புகைக்கத் தோன்றுகிறது என்பதை ஆலோசகர் கேட்டறிந்து, விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்க உதவுவார். பின்னரும் அழைத்து நலம் விசாரிப்பார்.

இல்லத்தார் செய்ய வேண்டுவதும் உண்டு. பீடி வாங்கிவரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அதனை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வேட்கை எழுந்தால் சில நிமிடங்களே நிற்கும். அப்பொழுது தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். ஒருநாள் தவறிவிட்டால் ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சுபவர் மறைந்து புகைப்பார். மறுநாளே மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். ஓராண்டு விட்டிருந்தால், புகையால் வரும் மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறையும். அந்த ஓராண்டும் அவருடன் நில்லுங்கள்.