உறைந்த பழமும் கெட்டித் தயிரும்

நல்ல ஸ்மூத்தியைக் கெட்டியாக்குவது உறைந்த பழம்தான். பல கடைகளில் அந்த வேலையை ஐஸ்கிரீமும் சர்க்கரைப் பாகும் செய்துவிடுகின்றன. ஆரோக்கிய பானம் என்ற பெயரில் கைக்கு வருவது பெரும்பாலும் மில்க்‌ஷேக்கே. வீட்டில் செய்ய மூன்று பொருள்கள் போதும்: பழம், தயிர், மிக்ஸி சுற்றுவதற்குக் கொஞ்சம் திரவம். ஐஸ் கட்டி தேவையில்லை. அது உருகினால் தண்ணீராகிப் பானத்தை நீர்க்கச் செய்யும். உறைந்த மாம்பழத் துண்டு உருகினாலும் மாம்பழமே.

பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டு ஃப்ரீசரில் அது மெதுவாக உறைவதால் பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல் சுவர்களைக் கிழிக்கின்றன. அதனால்தான் உறைந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தால் துவண்டு நீர்விடுகிறது. 1910-களில், இன்று கனடாவில் உள்ள லாப்ரடார் பகுதியில், கடுங்குளிரில் சட்டென்று உறைந்த மீன் மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதிதாகவே இருந்ததைக் கவனித்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1920-களில் அவர் தொழிலாக வளர்த்த விரைவு உறையவைக்கும் முறையில் படிகங்கள் சிறிதாகவே நின்றுவிடும். வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் மிக்ஸிக்குள் போகப்போகிற பழத்துக்குச் செல் சுவர் கிழிந்தால் என்ன, அரைபடுவது எளிதாகும்.

பழுப்பதுதான் முக்கியம். உறைந்தபின் பழம் மேற்கொண்டு பழுக்காது. குளிர்ச்சி நாக்கில் இனிப்பை மங்கச் செய்யும் என்பதால், அரைகுறையாகப் பழுத்ததை உறையவைத்தால் பிறகு சர்க்கரையைத் தேட வேண்டியதுதான். தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் அல்லது ரஸ்தாளி வாழை, காம்பருகே மணம் வீசும் பங்கனபள்ளி மாம்பழம், விரலால் அழுத்தினால் அமுங்கும் சப்போட்டா ஆகியவை உகந்தவை. வாழையைத் தோலோடு உறையவைத்தால் பிறகு உரிப்பது பெரும்பாடு. நார் மிகுந்த நாட்டு மாம்பழம் பிளேடில் சுற்றிக்கொள்ளும். கொய்யாவின் விதை அரைத்த பிறகும் பல்லில் நறநறக்கும். சதையை மட்டும் எடுக்கலாம். தர்பூசணி ஏறக்குறைய தண்ணீரே என்பதால் கல்லாக இறுகி, அரைத்தால் பனிச்சீவலாகத்தான் வரும்.

பழத்தைக் கழுவி, ஈரம் துடைத்து, துண்டுகளாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். துண்டுகள் இறுகிய பிறகே பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூட வேண்டும். நேராகப் பையில் போட்டால் எல்லாம் ஒரே பாளமாகிவிடும். நீண்ட நாள் சேமிப்புக்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் தேவை. ஃப்ரீசரில் மூன்று நட்சத்திரக் குறி இருந்தால் அந்தக் குளிர் கிடைக்கும். ஒற்றை நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 மட்டுமே. நல்ல ஃப்ரீசரில் மூன்று மாதம்வரை மணம் குறையாது, அதாவது ஜூலை மாம்பழத்தை அக்டோபரிலும் குடிக்கலாம். நீண்ட மின்வெட்டில் முழுதும் உருகிப்போனதை மறுபடி உறையவைக்காமல் அன்றைக்கே தீர்ப்பது நல்லது.

அடுத்தது தயிர். வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் வடியவிட்டால் கெட்டிப்படும். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம் வரை புரதம் இருக்கும். நன்றாக வடித்ததில் அது இரண்டு மடங்குக்கும் மேல். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். மிக்ஸிக்குத் தேவைப்படும் திரவம் அதுவே. புளித்த தயிர் மாம்பழத்தின் மணத்தை அமுக்கிவிடும். அன்று தோய்ந்த தயிரே பொருத்தம். கடையில் கிடைக்கும் பழச்சுவை யோகர்ட் கோப்பைகளில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும்.

அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. உறையவைத்தாலும் அவை அழியாது. தயிரோடு அரைத்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்பு தட்டும் என்பதால் இவற்றை உடனே குடித்துவிட வேண்டும்.

ஒரு பெரிய டம்ளருக்கு 150 கிராம் உறைந்த பழம், 125 கிராம் தயிர், கால் டம்ளர் திரவம் என்ற கணக்கு ஒத்துவரும். ஜாரில் திரவமும் தயிரும் அடியில், பழம் மேலே. பழத்தை ஐந்து நிமிடம் வெளியில் வைத்திருந்து, விட்டுவிட்டுச் சுற்றினால் மோட்டார் திணறாது. திணறி நின்றுவிட்டால் பல மிக்ஸிகளின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை, சூடு ஆறியபின் அழுத்த வேண்டும். சிட்டிகை உப்பும் ஏலப்பொடியும் சேர்த்தால் இனிப்பு எடுப்பாகத் தெரியும்.

ஆரோக்கியக் கணக்கு இங்கேதான் தடுமாறும். 150 கிராம் மாம்பழத்தில் சுமார் 20 கிராம் சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. அதே அளவு ஸ்ட்ராபெரியில் 7 அல்லது 8 கிராம். ஜூஸைப் போல் நார்ச்சத்து வெளியேறுவதில்லை என்பது ஸ்மூத்தியின் பெரிய நன்மை. ஆனாலும் பத்து நிமிடம் மென்று தின்ன வேண்டியது இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. அந்தக் கணக்குப்படி பெரிய டம்ளர் இருவருக்கானது. தேன், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழப் பாகு எதைச் சேர்த்தாலும் உடலுக்கு அது சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

பெர்ரி பழங்களோடு வாழைப்பழம் சேர்ப்பது உலகெங்கும் வழக்கம். 2023-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வாழை கலந்த ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் ஃபிளாவனால் என்ற சத்தின் அளவு, அந்தச் சத்தை மாத்திரையாக எடுத்ததைவிட 84 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய வாழையைக் கறுக்கவைக்கும் நொதியே காரணம். வாழையை ஒதுக்க இது போதிய காரணமல்ல. நாவல்பழம், பெர்ரி போன்றவற்றின் சத்துக்காகவே குடிப்பவர்கள் மட்டும் கெட்டித்தன்மைக்கு மாம்பழத்தையோ தயிரையோ நம்பலாம்.

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. 2012-இல் ஜெர்மனியில் உறைந்த ஸ்ட்ராபெரி வழியாகப் பரவிய நோரோவைரஸால் ஏறத்தாழ 11,000 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், நோய்வாய்ப்பட்டனர். உறையவைக்கும் முன்பே பழத்தையும் கையையும் கத்தியையும் நன்றாகக் கழுவ வேண்டியது இதனால்தான்.

அரைத்த ஸ்மூத்தி ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். நீர் பிரிந்தால் கலக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் மீந்ததைக் குல்ஃபி அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் குச்சி ஐஸாகிவிடும். தயிரின் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி அதிலும் உயிரோடிருக்கும்.