பிராயம் வந்தபின் பயிலும் நாட்டியம்

ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் வீடமைப்புப் பகுதிகளும், அருகிலுள்ள பத்து காவானில் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்ட இந்நாளில், பினாங்கு மாநிலத்தின் சிம்பாங் அம்பாட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குழந்தைகளை நாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுள் பலர், தமக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்ததென்றும், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றும் சொல்லிப் பெருமூச்சு விடுவதைக் கேட்கிறோம். வளையும் என்பதே என் கட்சி. ஆனால் அதற்குரிய முறையில் வளைக்க வேண்டும்.

பாலியத்திலேயே தொடங்குவது நம் சம்பிரதாயம் என்பது மெய்தான். பரம்பரைக் கலைக்குடும்பத்தில் 1918-இல் பிறந்த பாலசரஸ்வதி, ஏழாம் பிராயத்திலேயே காஞ்சீபுரத்தில் அரங்கேறினார். ஆனால் 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியோ, மேனாட்டுப் பாலே நடனத்தைச் சிறிது காலம் பயின்று, தாய்நாட்டுக் கலையை நாடும்படி ருஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா தூண்டியதை மனத்திற்கொண்டு, 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில் பரதத்தின் பழைய வடிவமான சதிராட்டத்தைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மாணவியாய் அமர்ந்தபோது முப்பது பிராயத்தை எட்டிக்கொண்டிருந்தார். 1935-இல் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் என்னும் கலைப்பள்ளியை ஸ்தாபித்தார். நம் மலேசியாவில், இயந்திரப் பொறியியல் கற்ற ராம்லி இப்ராஹிம், பாலே நடனத்தோடு, அடையாறு கே. லக்ஷ்மணனிடம் பரதத்தையும் தேவப்ரசாத் தாஸிடம் ஒடிசியையும் பயின்று, 1983-இல் சூத்ரா நாட்டிய அரங்கை நிறுவினார். இவர்கள் அசாதாரணமானவர்கள், நமக்கு அவர்களுடைய கீர்த்தி வேண்டியதில்லை. வளர்ந்தபின் ஒரு குருவின் முன் முதல் பாடத்துக்கு நிற்பதில் இழிவொன்றும் இல்லை என்ற துணிவு மட்டும் கிடைத்தால் போதும்.

இனி, சரீரத்தைப் பற்றிப் பார்ப்போம். பரதத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை மடக்கி, முதுகை நிமிர்த்தி நிற்பது அது. குழந்தைக்கு இடுப்பு மூட்டு இளகியிருப்பதால் தொடை எளிதில் வெளிப்புறம் திரும்புகிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்தோ, இயந்திரத்தின் முன் நின்றோ பழகிய பெரியவர்களுக்கு அவ்வளவு திரும்புவதில்லை. ஆகவே பாதங்களை மட்டும் பலவந்தமாகத் திருப்பிவிடுகிறார்கள். அப்போது முழங்கால் ஒரு திசையையும் கால்விரல் வேறொரு திசையையும் நோக்க, நோவு அங்கே குடிபுகுகிறது. இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே பாதமும் திரும்பட்டும். முழங்கால், விரல்களின் நேருக்கு வளையட்டும். ஆழம் குறைந்த அரைமண்டியாயினும், பிழையற்றதாயின் அதுவே நல்ல அரைமண்டி. நம் வீடுகளின் சிமெந்துத் தரையிலும் மாபிள் தரையிலும் நெடுநேரம் ஓங்கித் தட்டுவதும் மூட்டுக்கு ஆகாது. பலகைத் தரை கிடைத்தால் நலம்.

அடுத்தது, அடவுகள் எனப்படும் அடிப்படை ஆட்ட அசைவுகளுள் ஒன்றான தட்டடவு. ஆசிரியர் ‘தையா தை’ என்று சொல்லித் தட்டுக்கழியால் பலகையில் தட்ட, மாணவர் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பாதம் முழுவதும் படியும்படி தரையில் தட்டுகிறார். பெரியவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம், தூக்கும் காலிலேயே கருத்தைச் செலுத்துவதுதான். நிற்கும் காலின் மேல் உடலின் பாரம் முழுவதும் முன்னதாக வந்து இறங்கிவிட்டால், மற்றக் கால் தானே இலேசாக எழும், தோள்கள் தளரும், அடக்கிவைத்த மூச்சும் சீராகும். பார்ப்பவர் நளினம் என்று போற்றுவது பெரும்பாலும் இந்தப் பாரமாற்றம் பழகிப்போன நிலையையே.

அது பழகுவதற்கான உபாயத்தை நம் முன்னோரே வகுத்துள்ளனர். ஓர் அடவை முதல் காலத்தில் விளம்பமாகவும், இரண்டாம் காலத்தில் இரு மடங்கு வேகத்திலும், மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு வேகத்திலும் ஆடுவது அப்பியாச முறை. புத்தி முதிர்ந்தவர்களுக்குப் பாடம் ஒரே நாளில் விளங்கிவிடுவதால், விளங்கியதெல்லாம் வந்துவிட்டதாக எண்ணி மூன்றாம் காலத்துக்குத் தாவுகிறார்கள். மனம் கற்பது வேறு, கால் கற்பது வேறு. முதல் காலத்திலேயே சலிப்பின்றிச் சில மாதங்கள் தங்கச் சம்மதிப்பவர்களுக்குத்தான் கலை வசப்படும்.

சரீரத்தைக் காட்டிலும் பெரிய தடை சங்கோசம். ‘எனக்கு ஆட வராது’ என்பவர்களே, தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி உறுமி மேளம் முழங்கக் காவடிகள் செல்லும்போது, தம்மையறியாமல் தாளத்துக்குக் கால் பெயர்க்கிறார்கள். லயம் உள்ளே இருக்கிறது. பிறர் கண்ணுக்கு அஞ்சி அது அடங்கிக் கிடக்கிறது. ஆகையால் பரதம் கடினமென்று தோன்றுபவர்கள் கும்மியிலும் கோலாட்டத்திலும் தொடங்கலாம். வட்டத்தில் சேர்ந்து ஆடுவோருள் யாரும் தனித்துத் தெரிவதில்லை. மலாய் அன்பர்கள் விருந்துகளில் யாவரும் சேர்ந்தாடும் ஜோகெட்டும் அப்படிப்பட்டதே.

பலனும் உண்டு. 75 பிராயம் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆராய்ச்சி, உடற்பயிற்சிகளுள் நடனம் ஒன்றே மறதிநோய் குறைந்திருப்பதோடு தொடர்புற்றிருந்ததாகக் காட்டியது. நடனமே காரணமென்று அதனால் நிரூபணமாகிவிடாது; எனினும் நினைவும், தாளமும், சமநிலையும் ஒருங்கே உழைக்கும் பயிற்சி வேறு எது?

சுவாமி சாந்தானந்த சரஸ்வதியால் 1981-இல் தோன்றிய நுண்கலைக் கோயில் போன்ற ஸ்தாபனங்கள் பினாங்கில் இக்கலையை வளர்த்து வருகின்றன. சிற்றூர்களில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: பெரியவர்களைக் குழந்தைகளின் வரிசையில் நிறுத்தாமல், வேலை முடிந்து வரும் நேரத்தில், அரங்கேற்றத்தையும் பரீட்சையையும் குறியாக வைக்காத தனி வகுப்பொன்று நடத்துங்கள். மேடைக்கென்று ஆடுபவர் சிலரே ஆவர்; தம் உடலோடு நட்புக்கொள்ள ஆடும் உரிமை எல்லோருக்கும் எந்தப் பிராயத்திலும் உண்டு.